ஆறாவது கொண்டை ஊசி

தம்பி,

கடிதமெண்டா முதல்ல சுகம் விசாரிக்கோணும். உன்னட்ட என்னத்தை விசாரிக்க. காலமை பாணும் சம்பலும் சாப்பிட்டிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டு, மெடிக்கல் ரிப்போட் எடுத்துக்கொண்டு வாறனெண்டு சொல்லிப்போட்டுப் போனனீ. படியில உன்ர சப்பாத்துச் சத்தம் இறங்கிப் போய் முடியிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நிண்டனான். பேந்து குசினி மேசையில இந்தக் கோடு போட்ட சி.ஆர். கொப்பியை விரிச்சனான். நீ திரும்பி வர மத்தியானம் ஆகும். இண்டைக்கு எனக்கும் வாச்சர் டியூட்டி இல்லை. அதுக்கிடையில எழுதி முடிச்சிடலாமெண்டு நினைக்கிறன். எனக்கு எதையும் கெதியாச் சொல்ல வராதெண்டு உனக்குத் தெரியும்தானே. கொம்மா சொல்லுவா, இவர் சந்தைக்குப் போட்டு வந்தா என்ன மீன் வாங்கினீங்களெண்டு கேக்கக்கூடாது, வலை பின்னினவன்ர கலியாணத்திலயிருந்து தொடங்குவாரெண்டு.

ஒரே வீட்டில இருந்துகொண்டு என்ன கடிதமெண்டு நினைப்பாய். கொம்மா போனாப்பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஒரு நாளைக்கு என்ன கதைக்கிறம் எண்டு போன கிழமை ஒருக்கா எண்ணிப் பாத்தனான். சாப்பிட்டியோ. ஓம். கதவுத் திறப்பு எங்க. ஆணியில. லைற்றை நூத்துப்போட்டுப் படுக்கட்டோ. ஓம். அவ்வளவுதான். சண்டையில்லை, கோவமில்லை. பல்லுப் புடுங்க ஊசி போட்டா வாய் மரத்துப்போய்க் கிடக்குமே, தண்ணி குடிச்சா வழியிறதுகூடத் தெரியாது, அந்த மாதிரி இருக்கு இந்த வீடு. நான் சொல்லவேண்டினது அந்தச் சின்னச் சின்னச் சொல்லுகளுக்கு நடுவில வைக்க ஏலாத விசயம். அதுதான் கொப்பியை எடுத்தனான். மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டவன் நான். ஒழுங்கா எழுதப் பழக்கினது கொம்மாதான், கலியாணம் கட்டினாப்பிறகு. பிழை கிடந்தா அவவின்ர தலையில போடு.

வாற புதன்கிழமை நீ கத்தாருக்குப் போறாய். ஏதோ பெரிய ஸ்டோரில சாமான் பாத்து அடுக்கிற வேலை. போகாதை எண்டு சொல்ல நான் இதை எழுதேல்ல. உன்ர அலுமாரிக்கு மேல ஒரு காட்போட் பெட்டி இருக்கு. உன்ர லப்டொப்புக்கு வெளியால பூட்டின கிராபிக்ஸ் காட், அதுக்குக் கரண்ட் குடுக்கிற பவர் பெட்டி, பட்டி மாதிரி வயர், எல்லாம் அதுக்குள்ளதான். பெட்டிக்கு மேல கறுப்பு மாக்கரால பழுது எண்டு எழுதியிருக்கிறாய். முந்தநாள் சூட்கேஸ் அடுக்கேக்க, அப்பா, நான் போனாப்பிறகு அதை இரும்புக்காரனுக்குக் குடுத்துவிடுங்கோ எண்டனீ. நானும் ஓம் எண்டனான். தம்பி, அது பழுதில்லை. நீ பொருத்தினதிலயும் பிழையில்லை. அது எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு சொல்லத்தான் இவ்வளவு தாளும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு வாசி.

நீ அந்த வீட்டுப் படம் செய்யிற வேலை பழகின காலத்திலயிருந்து வாறன். கட்டாத வீட்டைக் கட்டின மாதிரிக் காட்டுறது எண்டு நீ சொல்லேக்க எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. பேந்து ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினனீ. ஆரோ கட்டப்போற வீட்டின்ர ஹோல், யன்னலால வெயில் வந்து நிலத்தில விழுந்து கிடந்துது. எங்கட வெள்ளவத்தை அனெக்ஸ் வாடகை வீட்டில எந்த மாசத்திலயும் வராத வெயில். ஆனா உன்ர லப்டொப் பாவம். கன்றுக்குட்டியில வண்டில் பூட்டின மாதிரி இளைச்சு இளைச்சுச் சூடாகும். கொம்மா அதில கையை வைச்சுப் பாத்திட்டு, இதில தோசை சுடலாம் எண்டு சொன்னவ. அப்பதான் நீ ஒரு வழி கண்டுபிடிச்சனீ. பெரிய கொம்பியூட்டருக்குப் போடுற காட்டை வெளியால வைச்சு லப்டொப்போட இணைக்கலாமாம். பாரமான வேலையை அது செய்யுமாம். வெளியால வைச்சா மழைக்கு நனையாதோ எண்டு நான் கேட்டனான். நீ அண்டைக்குச் சிரிச்ச சிரிப்பு எனக்கு இப்பவும் காதில கிடக்குது. இப்ப நீ அப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம் எண்டு நான் கேக்கேல்ல.

காட்டைத் தெஹிவளையில ஒரு பெடியனிட்டப் பாவிச்சதா வாங்கினனீ. பவர் பெட்டிக்கு நானும் நீயும் கிராண்ட்பாஸுக்குப் போனம், பழைய கொம்பியூட்டர் உடைச்சு விக்கிற ஒரு சின்னக் கடைக்கு. கடைக்காரச் சிங்களப் பெடியன் பெட்டியை எடுத்து ஊதின ஊதில என்ர வெள்ளைச் சேட்டு முழுக்கத் தூசு. இது வெடிக்குமோ எண்டு நான் எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கேட்டன். பய வெண்ட எபா அங்கிள் எண்டு, பயப்பிடாதேங்கோ எண்டு, என்ர தோளில தட்டினான். வரேக்க பஸ்ஸில இருக்க இடமில்லை. பெட்டியை என்ர வயித்தோட அணைச்சுக்கொண்டு நிண்டனான். பிள்ளைத்தாச்சிக்கு இடம் குடுக்கிற மாதிரி ஒரு மனிசி எழும்பி எனக்கு இடம் தந்தவ. இதெல்லாம் ஏன் சொல்லுறனெண்டா, அந்தச் சாமான் வீட்டுக்கு வரேக்க நானும் தூக்கிக்கொண்டு வந்தனான். எனக்குத் தெரியாத சாமானில்லை அது. இதை மனசில வைச்சுக்கொள்.

சாப்பாட்டு மேசையிலதான் எல்லாத்தையும் பரப்பினனீ. கொம்மாவின்ர மரக்கறி வெட்டுற பலகையை எடுத்து அதுக்கு மேல அந்தக் காட்டை நிமித்தி நிப்பாட்டினனீ. அவ உன்னைப் பேசிக்கொண்டே கையில வைச்சு வெண்டிக்காய் வெட்டினவ. லப்டொப்பைக் கவிட்டு, அடிமூடியைக் கழட்டி, வைஃபை பிடிக்கிற சின்னத் துண்டைப் புடுங்கிப்போட்டு, அந்தப் பொந்துக்குள்ள பட்டி வயரின்ர தலைப்பைச் செருகினனீ. நான் டோர்ச் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். உன்ர விரல் நடுங்கேல்ல. ஐயர் தாலிக்கொடி கோக்கிற மாதிரி ஆறுதலாச் செய்தனீ. மற்றப் பக்கம் காட், காட்டுக்குப் பவர் பெட்டி, காட்டிலயிருந்து பழைய ஸ்கிரீனுக்கு ஒரு வயர். எல்லாம் பூட்டியாச்சு. சுவிச்சைப் போட்டா ஒரு அசுகையுமில்லை.

பேந்துதான் நீ சொன்னனீ, இந்தப் பவர் பெட்டி தானா எழும்பாதாம், பெரிய கொம்பியூட்டர் எழும்பு எண்டு சொன்னாத்தான் எழும்புமாம். இஞ்ச பெரிய கொம்பியூட்டர் இல்லை. அதால அந்தப் பெரிய பிளக்கில பச்சை வயரின்ர ஓட்டையையும் கறுப்பு வயரின்ர ஓட்டையையும் ஒரு கம்பியால தொடுத்து விடோணுமாம். பேப்பர் கிளிப் தேடினனீ. எங்கட வீட்டில ஏது பேப்பர், ஏது கிளிப். கொம்மா தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவ. நீ அவவின்ர தலையைப் பாத்தனீ.

"அம்மா, உங்கட கொண்டை ஊசியில ஒண்டு தாங்கோ."

"இவ்வளவு பெரிய மிஷினுக்கு என்ர கொண்டை ஊசியோ?"

"ஓமம்மா. அது இல்லாட்டி ஒண்டும் ஓடாது."

"அப்ப எனக்கும் அந்தக் கொம்பனியில ஒரு வேலை எடுத்துத் தா" எண்டு சொல்லிக்கொண்டு தேங்காய்ப்பூக் கையாலேயே ஒண்டை உருவித் தந்தவ. கொண்டை ஒரு பக்கம் சரிஞ்சுபோச்சு. நீ அதின்ர ரெண்டு நுனியிலயும் கிடந்த கறுப்புப் பெயின்ரை பிளேட்டால சுரண்டி, கொஞ்சம் வளைச்சு, அந்த ரெண்டு ஓட்டைக்குள்ளயும் விட்டனீ. காட்டின்ர காத்தாடி சுத்திச்சுது. கொம்மா கை தட்டினவ. அந்த ஊசியள் கொட்டாஞ்சேனையில நாங்கள் ஒரு அறை எடுத்திருந்த காலத்தில திருவிழாக் கடையில நான் வாங்கிக் குடுத்தது. ஒரு மட்டையில ஆறு. இவ்வளவு காலத்தில அவ ஒண்டைத்தன்னும் துலைக்கேல்ல. குளிக்கப் போக முதல் ஆறையும் எண்ணி ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள்ள போட்டுட்டுத்தான் போவா. அண்டையிலயிருந்து அஞ்சோட சமாளிச்சா.

நீ எங்களுக்கும் பாடம் எடுத்தனீ. முதல் வெளிப்பெட்டியின்ர சுவிச். காத்தாடி சுத்தினாப்பிறகுதான் லப்டொப். ஓடேக்க ஒண்டையும் கழட்டக்கூடாது, அசைக்கவும் கூடாது. கொம்மா அதைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினவ. நான் கேட்டுக்கொண்டு இருந்தனான்.

இப்ப ஒரு பழைய கதை சொல்லவேணும். நீ பிறக்க முதல், ஊரில சண்டையால கரண்ட் இல்லாத காலம், பற்றரியும் வராது. எல்லாரும் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவிலயிருந்து ரெண்டு வயர் இழுத்து ரேடியோவுக்குக் குடுத்துக் கேக்கிறது. கொம்மாவுக்கு ரேடியோ நாடகமெண்டாச் சோறு தண்ணி வேண்டாம். பின்னேரத்தில நான் சுத்த, அவ பெட்டியில காதை வைச்சுக்கொண்டு இருப்பா. ஒரு நாடகம் கனகாலம் போய்க் கடைசி நாள். வீட்டை விட்டுப் போன மருமகள் திரும்பி வந்து கதவைத் தட்டுறாள். மாமிக்காரி உள்ளுக்க நிக்கிறாள். அந்த இடத்தில நான் கையை விட்டிட்டன். நாள் முழுக்க வயலில நிண்டது, தோள்மூட்டு உளைவு. அதைச் சொல்லாமல், டைனமோ பழுதாப்போச்சு எண்டனான். அவ கொஞ்ச நேரம் சத்தமில்லாத பெட்டியில காதை வைச்சுக்கொண்டே இருந்தா. பேந்து எழும்பிப் போய் அடுப்பை மூட்டினா. கனவருசம் கழிச்சு, கொட்டாஞ்சேனை அறையில அரிசி புடைச்சுக்கொண்டு இருக்கேக்க, ஒரு காரணமும் இல்லாமல் சொன்னவ.

"அண்டைக்கு டைனமோ பழுதாகேல்ல. உங்களுக்குக் கை உளைஞ்சது. உளையுதெண்டு சொல்லியிருந்தா நான் சுத்தியிருப்பன். அவள் கதவைத் திறந்தாளோ இல்லையோ எண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது."

நான் சுளகில கிடந்த கல்லைப் பொறுக்கினனான். உன்னை ஒருக்கா அடிச்சனான், நினைவிருக்கோ தெரியாது. நீ ஏழாம் வகுப்பு. ரீவியின்ர பின்மூடியைக் கழட்டிப்போட்டு நிண்டாய். நான் வேலையால வந்த கையோட ஒரு அறை. பேந்து போட்டுப் பாத்தா, மூண்டு மாசமாக் கோடு விழுந்துகொண்டு இருந்த படம் வடிவா ஓடுது. ரீவியைப் பாத்துக்கொண்டு இருந்தனான். எனக்கு இதொரு பழக்கம். பிழையைச் செய்வன், பேந்து அது தானாப் போயிடுமெண்டு பாத்துக்கொண்டு இருப்பன்.

கொம்மா களுபோவில ஆஸ்பத்திரியில இருந்த கிழமையிலதான் உனக்கு அந்த வெளிநாட்டுக் கொம்பனியிலயிருந்து செய்தி வந்தது. ஒரு முழு வீட்டையும் நடந்து பாக்கிற மாதிரிப் படம் செய்து அனுப்பு, சரியா இருந்தா நிரந்தர வேலை, வீட்டிலயிருந்தே செய்யலாம் எண்டு. நீ அவவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து சொன்னனீ. அவ கேட்டது ஒண்டே ஒண்டு. என்ர ஊசி இறுக்கமா நிக்குதோ? நீ ஓமெண்டனீ. அப்ப சரி எண்டுபோட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தவ. அதுக்குப் பிறகு அவ கதைச்சது எல்லாம் தண்ணி, தலையணை, அவ்வளவுதான். நாலாம் நாள் கண்ணை மூடிட்டா. எனக்கு அழுகை வரேல்ல. எல்லாரும் என்ர முகத்தைப் பாத்தவை. நான் கதிரை எடுத்துப் போட்டன், வந்தவைக்குத் தேத்தண்ணி குடுத்தன். உனக்கும் வரேல்ல. சவப்பெட்டி மூடேக்க நாங்கள் ரெண்டு பேரும் ரெண்டு வாச்சர் மாதிரி ரெண்டு பக்கமும் நிண்டம்.

கொம்பனி உனக்குத் தவணையைத் தள்ளித் தந்தவை. அம்மா செத்ததெண்டு எழுதினனீ, அவையளும் மனிசர்தானே. அந்தத் தவணை வந்து நிண்டது அந்தியேட்டிக்கு, கொம்மாவின்ர முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, முதல் நாள் பின்னேரம். மூண்டு நாள் இரவு பகலா ஓடினாத்தான் படம் முடியுமாம், நடுவில நிண்டா முழுக்கப் போயிடுமாம். அதால மூண்டு நாளைக்கு முதலே நீ மேசையை மூலைக்குத் தள்ளி, படத்தை ஓட விட்டு, மேல ஒரு வெள்ளைச் சீலையைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டினனீ. கரண்ட் போனாலுமெண்டு ஒரு யூ.பி.எஸ். இரவல் வாங்கினனீ. எங்கட லேனில ரயில் போனா யன்னல் கிடுகிடுக்குமே, அதுக்கு மேசைக் காலுக்குக் கீழ செருப்பு வெட்டி வைச்சனீ. வந்த சனம் எல்லாருக்கும், இதில ஆரும் கை வைக்காதேங்கோ எண்டு சொன்னனீ. எல்லாத்துக்கும் காவல் போட்டாய். எனக்கு மட்டும் போடேல்ல. ஏன் போடுவாய்.

அந்தியேட்டிக்கு முதல் நாளண்டு காலமை தெஹிவளையிலயிருந்து உன்ர சின்னம்மா வந்தவ. வீடு கழுவி, அக்காவின்ர சாமான் எல்லாத்தையும் ஒதுக்கோணுமெண்டு நிண்டவ. நீ வாழையிலையும் மரக்கறியும் வாங்கச் சந்தைக்குப் போட்டாய். சீலையள் எல்லாம் குடுக்கிறதுக்கு ஒரு பக்கம். சீப்பு, கண்ணாடி, ஊசி மாதிரி உடம்போட கிடந்த சாமான் எல்லாம் விடியச் சாம்பலோட கடலுக்கு. "அவ பாவிச்சது ஒண்டும் வீட்டில மிஞ்சக்கூடாது அத்தான். ஒண்டு மிஞ்சினாலும் அக்கா அதைத் தேடி வருவா" எண்டு சொன்னவ. அவ ஆக்களின்ர வழக்கம் அது. வந்தா வரட்டுமே எண்டு எனக்கு மனசில ஒருக்கா வந்தது. பவுடர் டப்பாவைத் திறந்து எண்ணினன். அஞ்சு. திருப்பி எண்ணினன். அஞ்சு. கொம்மா ஒரு நாளும் அஞ்சோட டப்பாவை மூட மாட்டா. ஆறாவதைத் தேடி அலுமாரி, குளியலறை, தலையணை உறை, சாமித் தட்டு எல்லாம் பாத்தனான். பேந்து அந்த வெள்ளைச் சீலையைத் தூக்கினனான். வயருக்கு நடுவில, ரெண்டு காலையும் குத்திக்கொண்டு, வளைஞ்சுபோய் நிண்டுது.

தம்பி, அது என்னத்துக்கு அதில நிக்குதெண்டு எனக்குத் தெரியும். டோர்ச் பிடிச்சது நான். பெட்டி தூக்கினது நான். அண்டைக்கு அது ஒண்டும் எனக்கு நினைவில இல்லை. இந்தா கிடக்கு ஆறாவது எண்டது மட்டும்தான் தலைக்குள்ள இருந்தது. உருவினனான். காத்தாடி நிண்டுது. ஸ்கிரீன் கறுத்துப்போச்சு. அந்தச் சத்தம் நிண்டாப்பிறகுதான் அப்பிடியொரு சத்தம் மூண்டு நாளா வீட்டில இருந்ததெண்டே எனக்குத் தெரிஞ்சுது. உடன திருப்பிக் குத்தினனான், அந்த ரெண்டு ஓட்டைக்குள்ளயே. காத்தாடி பழையபடி சுத்திச்சுது. சரியெண்டு நினைச்சனான். சீலையை இழுத்து மூடிப்போட்டு, ஆறும் கிடைச்சுதோ அத்தான் எண்டு சின்னம்மா கேக்க, ஓம் எண்டனான். விடியக் கடலுக்குப் போனது அஞ்சுதான். அவவுக்கும் ஒரு பொய்.

நீ சந்தையால வந்து சீலையைத் தூக்கினனீ. வாழையிலைக் கட்டு அப்பிடியே தோளில கிடந்தது. லப்டொப் செத்த மாதிரி நிண்டுது, காட்டின்ர காத்தாடி மட்டும் சுத்திக்கொண்டு. நீ ஒருத்தரையும் ஒண்டும் கேக்கேல்ல. குனிஞ்சு பட்டி வயரைத்தான் பாத்தனீ. அதைக் கழட்டிப் பூட்டினனீ, திரும்பக் கழட்டிப் பூட்டினனீ. அந்த நேரத்தில ரயில் ஒண்டு போச்சுது. நீ நிமிந்து யன்னலைப் பாத்தனீ. அதோட உனக்குக் காரணம் கிடைச்சிட்டுது. நான் வாசலில நிண்டனான். ரயில் பாவம். நான் செய்ததை அதில ஏத்தி விட்டிட்டன்.

பேந்து நீ யன்னல் பக்கம் திரும்பி நிண்டு அவையளோட இங்கிலீசில கதைச்சனீ. எனக்கு விளங்கினது சொரி எண்ட ஒரு சொல்லுத்தான். மூண்டு தரம் சொன்னனீ. இன்னொரு தவணை கேட்டுப் பார் எண்டு நான் சொன்னதுக்கு நீ சொன்ன மறுமொழி இருக்கே.

"அம்மாவை எத்தினை தரமப்பா சொல்லுறது?"

என்ன நடந்ததெண்டு பேந்தொருக்காக் கேட்டனான். ஒண்டுமில்லையப்பா, நான் பொருத்தினது சரியில்லை, என்ர கைக்கு இந்த வேலை வராது எண்டனீ. அப்ப சொல்லியிருக்கலாம். வீடு நிறையச் சனம். அடுத்தநாள் அந்தியேட்டி. அதுக்கடுத்தநாள் ஆக்கள் போகேல்ல. அதுக்கடுத்தநாள் நீ எல்லாத்தையும் கழட்டிப் பெட்டிக்குள்ள வைச்சிட்டாய். பேந்து ஒவ்வொரு நாளும் சொல்லுறது முதல் நாளை விடக் கஷ்டமாப்போச்சு. அதுக்குப் பிறகு நீ ஒரு வீட்டுப் படமும் செய்யேல்ல. ஆரோ கேட்டு வந்தவைக்கும், நான் விட்டிட்டன் அண்ணை எண்டு சொல்லி அனுப்பினனீ. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஒரு கந்தோருக்குப் போய்க் கடவுச்சீட்டைக் குடுத்திட்டு வந்தனீ. நான் பாத்துக்கொண்டு இருந்தனான்.

புத்தி சொல்லுற தகுதி எனக்கில்லை. எண்டாலும் கொப்பன் எண்டொரு உரிமையில ரெண்டு விசயம். ஒண்டு, நீ ஆருக்கும் ஒரு பிழை செய்தா அண்டைக்கே சொல்லிப்போடு. சனம் நிறைஞ்சிருந்தாலும் குசினிக்குள்ள கூப்பிட்டுச் சொல்லு. மற்றது, நீ செய்த சாமான் ஒண்டு நிண்டுபோனா, உன்ர கையைக் குறை சொல்ல முதல் வீட்டில ஆர் நிண்டதெண்டு கேள். நல்ல பிள்ளையெண்டு பேரெடுத்து நீ என்னைக் கேக்காமல் விட்டாய். கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருப்பனோ தெரியாது. ஆனா என்ர முகத்தில பாத்திருப்பாய்.

இண்டைக்கு வியாழன். புதனுக்கு இன்னும் ஆறு நாள் கிடக்கு. நீ பெட்டியை இறக்கி, எல்லாத்தையும் பழையபடி பூட்டி, அந்தப் படத்தை ஒருக்கா ஓட விடு. அந்தக் கொம்பனி இனிப் பாக்குமோ பாக்காதோ, அது உன்ர விருப்பம். பாக்காட்டிலும் பரவாயில்லை. முடியிறதை நீ பாக்கோணும். நான் மூண்டு நாள் லீவு கேட்டு வைச்சிருக்கிறன். கதிரையைப் போட்டுக்கொண்டு அந்த மேசைக்குப் பக்கத்தில இருப்பன். ரயில் போனாலும் போகட்டும், சின்னம்மா வந்தாலும் வரட்டும், ஒருத்தரும் கிட்ட வரேலாது. வாச்சர் வேலைதானே எனக்குத் தெரிஞ்ச வேலை. ஊரார் கட்டினதை எல்லாம் இவ்வளவு காலம் காவல் காத்தனான். முடிஞ்சாப்பிறகு நீ புதன்கிழமை பிளேன் ஏறு, ஏறாமல் விடு, நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா ஏறினா, என்ர கைக்கு வராதெண்டு நினைச்சுக்கொண்டு ஏறாதை. உன்ர கை சரி.

இவ்வளவும் எழுதி முடிச்சுப்போட்டு உன்ர அறைக்குப் போனனான். ஸ்டூலில ஏறிப் பெட்டியை இறக்கி, மேல எழுதியிருந்த சொல்லைப் பேனையால வெட்டினனான். பேனை பத்தேல்ல, ரெண்டு மூண்டு தரம் கோடிழுத்தனான். கடிதத்தை உள்ளுக்க வைப்பமெண்டு திறந்தா, காட் கிடக்கு, பட்டி வயர் கிடக்கு, பவர் பெட்டி கிடக்கு. பெரிய பிளக்கைத் தூக்கிப் பாத்தன். பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில ஊசி இல்லை. பெட்டியைக் கவிட்டுத் தட்டினன். இல்லை.

பேந்து, பெட்டியை நீ திறக்காமல் விட்டாலுமெண்டு, கடிதத்தைக் கந்தோரிலயிருந்து திரும்பி வந்த கடவுச்சீட்டோட வைப்பமெண்டு சூட்கேஸைத் திறந்தனான். கடவுச்சீட்டின்ர பிளாஸ்டிக் உறைக்குள்ள, கொம்மாவின்ர அடையாள அட்டைப் படத்துக்குப் பின்னால, அந்த ஊசி வளைஞ்சபடி கிடக்குது. ரெண்டு நுனியிலயும் பெயின்ற் சுரண்டியிருக்கு.

நான் அதைத் தொடேல்ல. உறையை மூடி, கிடந்த இடத்திலேயே வைச்சிட்டன். கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில, அவவின்ர பலகைக்கு மேல வைக்கிறன். நீ படியில ஏறி வாற சத்தம் கேக்குது.

அப்பா